கூரைக்கு எதற்குப் போனான்?

திரையிடல் முடிந்து விளக்கு போட்டதும் ஒரு பெண் எழுந்து கேட்டார்: “ராக்கெட் விழுந்துகொண்டிருந்த ஊரில் அந்தத் தம்பி எதற்காகக் கூரைக்குப் போனார்?” பின்னால் யாரோ லேசாகச் சிரித்தார்கள். இயக்குநர் மைக்கை வாங்கி, போருக்குப் பழகிப்போனவர்களின் மனநிலை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். கடைசி வரிசையில் இருந்த எனக்குப் பதில் தெரியும். ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் படத்திலிருந்து வெட்டி எடுத்தவன் எடிட்டரான நான்தான்.

டெல்லியில் வாழும் ஆப்கானியர்களைப் பற்றிய படம் அது. அதில் காகா (அவர்கள் மொழியில் சித்தப்பா, பெரியப்பா மாதிரி ஒரு அழைப்பு) வருவது கொஞ்ச நேரம்தான். டெல்லியின் போகல் பகுதியில் தந்தூர் அடுப்பில் ரொட்டி சுடுகிறவர். காபூல் உள்நாட்டுப் போரில் தம்பியைப் பறிகொடுத்து, ஜலாலாபாத், எல்லையிலுள்ள தோர்க்கம் வழியாகப் பாகிஸ்தானின் பெஷாவர் போய், 2002இல் ஊர் திரும்பி, மறுபடி கிளம்பி டெல்லி வந்தவர். அந்த ஒரே ஆண்டில் பாகிஸ்தானிலிருந்து 15 லட்சம் பேருக்கு மேல் ஆப்கானிஸ்தான் திரும்பினார்கள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பித்தான் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பிறகு மறுபடியும் மூட்டை கட்டினார்கள். மாதக்கணக்கில் ரஷ், அதாவது வெட்டாத காட்சிகளைப் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு கட்டத்தில் ஒரே கதையாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் பேட்டியில் காகா கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தன் பெயர், தகப்பனார் பெயர், தாத்தா பெயர், ஊர் என்று யாரும் கேட்காமலே வரிசையாகச் சொல்கிறார். பிறகு தம்பி. ஆப்கன் கணக்கில் 1371ஆம் ஆண்டு, ஜதி மாதம், கடும் பனி. அவர்கள் வீடு மண் கூரை. விழுந்த பனியை அவ்வப்போது தள்ளாவிட்டால் கூரை ஊறி ஒழுகும், பாரம் தாங்காமல் இறங்கவும் செய்யும். மரத்தால் செய்த பனி வாரியோடு தம்பி மேலே ஏறினான். ராக்கெட் விழுந்தது.

இரண்டாவது பேட்டி வெகுநாள் கழித்து அடுப்படியில் எடுத்தது. மாவை நீளமாக இழுத்து, விரல் நுனியால் கோடு கோடாக அழுத்தி, துணி மெத்தையில் பரப்பித் தந்தூர் சுவரில் அறைந்துகொண்டே பேசுகிறார். பேச்சோடு பேச்சாகத் தம்பி வந்துவிட்டான். கூரையில் தூத் காயப்போட்டிருந்தார்களாம், மல்பெரிப் பழம். குருவி விரட்டிவிட்டு வா என்று அம்மா அனுப்பினாள். விரட்டப் போனவன் அங்கேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்துவிட்டான். கீழிருந்து அம்மா திட்ட, வாய் நிறையப் பழத்தோடு பதில் சொன்னான். அவன் எப்படிச் சொன்னான் என்று காகா நடித்துக் காட்டிச் சிரிக்கிறார். அப்புறம் கை நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு ரொட்டி கருகுகிறது. இப்படி ஒரு ஷாட் கிடைத்தால் எந்த எடிட்டரும் அன்றைக்கு வீட்டுக்குப் போகமாட்டான்.

மொழிபெயர்த்துக் கொடுத்த ஆப்கன் பெண்தான் சொன்னாள்: “ஜதியில் எங்கே சார் தூத் கிடைக்கும்?” அவர்களுடைய மாதங்களுக்கு ராசிகளின் பெயர்தான். ஹமல் என்றால் மேஷம், ஜதி என்றால் மகரம். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி 20 வாக்கில் முடியும். காபூலில் மல்பெரி பழுப்பது கோடையின் தொடக்கத்தில். மார்ச்சில் வரும் நவ்ரூஸ் பண்டிகையன்று பிறக்கும் ஆண்டு என்பதால் 1371 என்பது நம் கணக்கில் 1992 மார்ச் முதல் 1993 மார்ச் வரை. தேதி மாற்றியதில் பிசகு என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். அந்தப் பிசகில் ஆண்டு மாறும். மரத்தில் பழம் பழுக்காது. வரலாற்றைப் புரட்டினாலும் உதவவில்லை. 1992 ஜூனில் மேற்குக் காபூலில் முஜாஹிதீன் குழுக்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன. 1993 ஜனவரியில் நகருக்குத் தெற்கேயிருந்து முஜாஹிதீன் தலைவர்களில் ஒருவரான ஹெக்மத்யாரின் ஆட்கள் ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பருவத்திலும் சாக வழி இருந்தது.

கடைக்குப் போய் அவரையே கேட்டேன். “காகா, பனியா, தூத்தா?”

கையைத் துடைத்துக்கொண்டு, பெஷாவரில் கற்ற உருதுவில் சொன்னார். “ஐ.நா. ஃபைலில் பனி என்று இருக்கிறது. அப்படியென்றால் பனி.”

“நடந்தது எது?”

“கூரைக்குப் போனான் பேட்டா. இறங்கி வரவில்லை. பனி என்றே போடு.”

1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அப்போது அவரிடம் இருந்தது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கார்டு மட்டும். அதில் பிறந்த தேதி ஜனவரி 1, அவர் மனைவிக்கும் ஜனவரி 1. அந்தக் கார்டை நம்பித்தான் கனடாவில் யாரோ ஸ்பான்சர் செய்ய, அவர் காத்திருந்தார். ஒரு நேர்காணலில் சொன்னது இன்னொன்றோடு இடித்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இயக்குநர் மல்பெரிதான் வேண்டும் என்றார். “ஃபைலையும் படத்தையும் பக்கத்தில் வைத்து யார் பார்க்கப் போகிறார்கள்?” யாரும் பார்க்காமலே போகலாம்தான். ஆனால் படம் நாளை யூட்யூபில் கிடக்கும். பனியைப் போடுங்கள், இல்லை இரண்டுமே வேண்டாம் என்றேன். பனியைப் போட எனக்கே மனம் வரவில்லை என்பது வேறு விஷயம். தூத் கதையைத்தான் நான் நம்பினேன். ஏன் நம்பினேன் என்று இப்போது கேட்டால் பதில் அத்தனை சுத்தமாக இல்லை. நல்ல ஷாட்டாக இருந்தது, அதனால் நம்பினேனோ என்னவோ. பனியே உண்மையாக இருந்து, தம்பியை அந்தக் குளிரில் விட மனமில்லாமல் காகாவே அவனைக் கோடைக்குக் கூட்டி வந்திருக்கலாம். மொழிபெயர்த்த பெண்ணின் அம்மா, செத்துப்போன தன் தம்பியைப் பற்றிச் சொல்லும் எல்லாக் கதையிலும் வெயில் அடிக்குமாம். இது எதற்கும் சாட்சியாகாது. ஆனாலும் அவள் சொன்னதிலிருந்து பனியை எனக்குப் பொய் என்று ஒதுக்க முடியவில்லை.

கடைசியில் செய்தது இதுதான். “தம்பி கூரைக்குப் போனான்” என்பது அடுப்படிப் பேட்டியில் இருந்து. “ராக்கெட் விழுந்தது” என்பது நாற்காலிப் பேட்டியில் இருந்து. நடுவில் ஒட்டுத் தெரியாமல் இருக்கத் தந்தூரின் இரைச்சலைப் போட்டு நிரப்பினேன். இரண்டுமே அவர் சொன்னவை, பொய் ஒரு வார்த்தையும் இல்லை. இந்த வாதத்தை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. அவரைக் காப்பாற்றினேன் என்றும் சொல்லிக்கொள்வேன். ஆனால் விளைவு என்ன? எந்தக் காரணமும் இல்லாமல் குண்டு மழையில் கூரை ஏறுகிற ஒரு முட்டாள் பையனைக் காட்டியிருக்கிறோம். கேள்வி கேட்ட பெண்மீது அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. யோசித்தால், அவனுக்கு அங்கே ஏதோ ஒரு வேலை இருந்திருக்கும் என்று அந்த அரங்கில் நம்பியவர் அவர் மட்டும்தான். போரில் வாழ்கிறவர்கள் என்றால் எதற்கும் காரணம் தேவையில்லை என்பது மாதிரி மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். இயக்குநரின் பதிலும் அந்த ரகம்தான். ஒரு வகையில் என் வெட்டும்.

காகா இப்போது கனடாவில் இருக்கிறார். படத்தின் நீளமான வடிவம் ஒன்று தயாராகிறது. இனிமேல் என்ன பயம், மல்பெரியைச் சேர்த்துவிடலாம் என்கிறார் இயக்குநர். தவறான தகவல் கொடுத்து வந்ததாகத் தெரிந்தால் நிரந்தரக் குடியிருப்பு உரிமையை அங்கேயும் பறிப்பார்கள் என்றேன். “நீ எடிட்டரா, வக்கீலா?” என்றார். சரி, அவரையே வீடியோவில் மறுபடி பேட்டி எடுத்துத் தெளிவாகக் கேட்டுவிடலாம் என்று நாளும் குறித்துவிட்டார். மூன்றாவதாக ஒரு காரணம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அதுவும் நன்றாக இருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்.