சைக்காலஜியும் கிரிமினாலஜியும் (குற்றவியல்) சேர்த்துப் படிக்க நினைப்பவர்களுக்கு

இங்கிலாந்தில் இது மூன்று வருஷ டிகிரி, மொத்தம் 360 கிரெடிட். சேருமுன், அங்குள்ள சைக்காலஜிஸ்டுகளின் அமைப்பான பிரிட்டிஷ் சைக்கலாஜிக்கல் சொசைட்டியின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட கோர்ஸுக்கே இருக்கிறதா என்று பாருங்கள். தனி சைக்காலஜிக்கு இருந்து, கூட்டுப் படிப்புக்கு இல்லாமல் போகலாம். அங்கீகாரம் இருந்தாலும்கூட, அதன் பலன் கிடைக்க இறுதியாண்டு ஆய்வை சைக்காலஜியில் செய்து பாஸாக வேண்டும். ஆசைப்பட்டு அதை கிரிமினாலஜி பக்கம் கொண்டுபோனால் பிறகு தவிக்க நேரும்.

'ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட்' (குற்றம், சட்டம் சார்ந்த உளவியலாளர்) என்று இந்த டிகிரியோடு பெயருக்குப் பின் போட்டுக்கொள்ள முடியாது, அது அங்கே சட்டப் பாதுகாப்புள்ள தொழில்பெயர். மேற்படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் முடித்துப் பதிவு செய்தால்தான்.

ஆனால் படிப்பு அருமையானது! 1974இல் லாஃப்டஸ், பாமர் என்ற இரு சைக்காலஜி ஆய்வாளர்கள் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்றும், வேறு சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக 'நொறுங்கிய' குழுவில் 50 பேரில் 16 பேர் சொன்னார்கள், 'இடித்த' குழுவில் 7 பேர். படத்தில் கண்ணாடியே உடையவில்லை.

இதை அப்படியே கிரிமினாலஜி வகுப்புக்குக் கொண்டுபோங்கள். போலீஸ் கணக்கில் புகாராகாத குற்றம் வராது என்பதால் வீடுவீடாக சர்வே எடுக்கிறார்கள். 'கடந்த 12 மாதத்தில்' என்ற கேள்விக்கு, 14 மாதத்துக்கு முந்தைய திருட்டும் உள்ளே வந்துவிடும். அதுவும் ஞாபகப் பிழைதான்.

ஸ்டாடிஸ்டிக்ஸை மட்டும் வாராவாரம் போட்டுப் பாருங்கள், கடைசி மாதத்தில் பிடிக்கவே முடியாது.