எம்எல்எஸ் கிடைத்த தம்பி தங்கைகளுக்கு

"மெடிசின் கிடைக்கேல்லை, எம்எல்எஸ்தான் கிடைச்சிருக்கு" என்று சிலர் சோர்ந்துபோய் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எம்எல்எஸ், அதாவது மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த 4 வருடமும் வீண்போகாது.

இங்கே முதலில் மனதில் பதிவது, மெஷினுக்குள் போவதற்கு முன்பே ஒரு பரிசோதனை பிழைத்துவிடலாம் என்பது. ஊதா மூடிக் குழாயில் இருப்பது, இரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் ஈடிடிஏ. அதில் எடுத்த இரத்தம் கொஞ்சம் சிவப்பு மூடிக் குழாய்க்குள் போனாலே பொட்டாசியம் பொய்யாக ஏறும், கல்சியம் இறங்கும். இதயத்துக்கு ஆபத்தென்று வார்ட் பதறும். செங்குழியங்கள் உடைந்துபோன இரத்தமும் பொட்டாசியத்தைக் கூட்டித்தான் காட்டும். அப்படிப்பட்ட முடிவை அனுப்பாமல், "திரும்ப இரத்தம் எடுங்கோ" என்று சொல்லும் துணிவும் இந்தப் படிப்பில் சேர்ந்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது நுணுக்குக்காட்டி. 1884இல் டென்மார்க் விஞ்ஞானி ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட, பக்டீரியாவுக்கு நிறமூட்டும் சாயமுறை இன்றும் தினமும் பயன்படுகிறது. பக்டீரியா ஊதாவா இளஞ்சிவப்பா என்று தெரிந்ததுமே எந்த மருந்து என்ற யோசனை தொடங்கிவிடும். அப்புறம் மலேரியா. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்தது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவரின் இரத்தப் பூச்சில் (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசிய இரத்தத்தில்) ஒட்டுண்ணியைப் பிடிக்கப் பழகிய கண் வேண்டும்.

சரி, கேள்விகள் இருந்தால் உள்பெட்டியில் கேளுங்கோ. இரசாயனவியல் கொப்பிகளை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.