பெட்டியின் அடியில் கிடப்பது

பல்கலைக்கழக நூலகத்தில் சமய நூல்களின் சிறப்புத் தொகுப்புக்கு நான் பொறுப்பாளர். நன்கொடை தர வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேச்சைத் தொடங்குவார்கள்: "எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துப் புனித நூல், விலைமதிப்பே இல்லாதது." திறந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கில் அச்சான பதிப்பு. மரக்கூழ்த் தாள், அமிலத்தால் பழுத்து, தொட்டாலே ஓரம் உதிரும். வேறு பல நூலகங்களில் இதைவிட நல்ல பிரதி இருக்கும். இதைப் பக்குவமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

ஆனால் அப்படியே திருப்பி அனுப்பிவிடவும் மாட்டேன். முதலில் அட்டையின் உட்புறத்தைப் பார்ப்பேன். குடும்பத்தின் பிறப்பும் இறப்பும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். வெவ்வேறு மை, வெவ்வேறு கையெழுத்து. ஒரு பெயருக்கு எதிரே பிறந்த தேதியும் இறந்த தேதியும் ஒரே மாதத்தில். பிறகு தாள் தாளாகப் புரட்டுவேன். மடித்துச் செருகிய திருவிழா அழைப்பிதழ், காணிக்கை ரசீது, சொற்பொழிவுத் துண்டறிக்கை எல்லாம் இருக்கும். புனித நூலை எவரும் பத்திரப்படுத்துவார்கள். துண்டறிக்கையை யார் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்? பல சமயம் பெட்டியை நான் வாங்கிக்கொள்வது அந்தக் காகிதங்களுக்காகத்தான்.

இது என் சொந்தக் கிறுக்கு என்று நினைப்பவர்களுக்கு நான் கெய்ரோவைக் காட்டுவேன். இறைவன் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பதால், அங்குள்ள பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில் பழைய தாள்களை ஓர் அறையில் போட்டுவைத்தார்கள். 1896-97இல் சாலமன் ஷெக்டர் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். இன்று அங்கே சுமார் 1,93,000 துண்டுகள் உள்ளன. மறைநூல் ஏடுகளோடு வணிகக் கடிதங்கள், திருமண ஒப்பந்தங்கள், பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சித் தாள்கள்கூட அவற்றில் உண்டு. மத்தியகால மத்தியதரைக்கடல் வணிகத்தின் வரலாற்றையே அந்தக் கழிவுத் தாள்களிலிருந்துதான் எழுதினார்கள்.

கறை விஷயத்திலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. மெழுகு சொட்டிய பக்கத்தையும் விரல் பட்டுக் கறுத்த ஓரத்தையும் பார்த்ததும் துடைத்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கேத்ரின் ரூடி என்ற கலை வரலாற்றாசிரியர், மத்தியகாலச் செப நூல்களின் பக்கங்கள் எவ்வளவு கறுத்திருக்கின்றன என்பதைக் கருவி வைத்து அளந்து 2010இல் வெளியிட்டார். எந்தச் செபத்தை மக்கள் அதிகம் புரட்டினார்கள் என்பதை அழுக்கே சொல்லிவிட்டது. கொள்ளைநோய்க்குப் பாதுகாப்பாகப் புனித செபஸ்தியாரை வேண்டும் பக்கம் நன்றாகக் கறுத்திருந்தது. அதைத் துடைத்திருந்தால் வெறும் அழகான புத்தகம்தான் மிஞ்சியிருக்கும்.

(வெள்ளைக் கையுறை தராததற்கு வருத்தப்படுகிறவர்களுக்கு: கழுவி ஈரம் போகத் துடைத்த கையே போதும். கையுறை போட்டால் தாளின் தடிமன் விரலுக்குத் தெரியாது, கிழித்துவிடுவோம்.)

நிர்வாகம் கண்காட்சிக்குத் தாராளமாகப் பணம் தருகிறது, பட்டியலாளர் பணியிடம் கேட்டால் மட்டும் கை சுருங்குகிறது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மிங்கானா தொகுப்பில் மிகப் பழைய குர்ஆன் ஏடுகள் இரண்டு வேறொரு கைப்பிரதியின் ஏடுகளோடு சேர்த்துக் கட்டப்பட்டுப் பல ஆண்டுகள் கிடந்தன. ஓர் ஆய்வாளர் கண்ணில் பட்ட பிறகே அவை எழுதப்பட்ட விலங்குத் தோலின் காலத்தைக் கரிமக் கணிப்பால் அறிந்தார்கள்: பெரும்பாலும் கி.பி. 568க்கும் 645க்கும் இடையில். 2015இல் அது உலகச் செய்தி. ஏடு அலமாரியில் இருப்பது மட்டும் போதாது, அது என்ன என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவருக்குத்தான் நான் சம்பளம் கேட்கிறேன்.

நிபந்தனையோடு தருகிறவர்களும் உண்டு. "எங்கள் சமயத்தார் மட்டுமே தொட வேண்டும்" என்றால் கைகூப்பி மறுத்துவிடுவேன். வாசிப்பு அறை எல்லோருக்கும் பொது. குர்ஆனின் மேல் வேறு நூலை அடுக்காதிருப்பது, யூதர்களின் மறைநூலான தோரா சுருளின் எழுத்தில் விரல் வைக்காதிருப்பது போன்றவற்றுக்குச் செலவே இல்லை, கேட்காமலே செய்கிறோம். தொகுப்பில் சேராத பிரதியை என்ன செய்வது என்பதையும் நன்கொடைப் பத்திரத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுகிறேன்: குடும்பத்துக்கே திருப்புவதா, வேறு நூலகத்துக்கா, அவர்கள் முறைப்படி அடக்கம் செய்யச் சமயத்தாரிடமா. பழைய காகிதக்காரருக்குப் போடுவதற்கு அந்தப் பத்திரத்தில் இடமில்லை.