இல்லை என்று சொன்ன பிறகு

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். கல்லூரிப் பெண்கள் சிலர் கடைக்குள் உடனே வர மாட்டார்கள். ஓரமாக நின்று செல்போனைப் பார்ப்பார்கள். கூட்டம் குறைந்ததும் தலைவலி மாத்திரையோ நாப்கின் பாக்கெட்டோ வாங்குவார்கள். காசு கொடுத்த பிறகுதான் குரல் இறங்கும்: "அக்கா, அந்த மாத்திரை இருக்குங்களா?"

ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. மேலே கேட்டால் அப்பா காதுக்குப் போய்விடும் என்று இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருந்தாள். அவசர கருத்தடை மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்க 2005லேயே அனுமதி வந்தும், தமிழ்நாட்டில் பல மெடிக்கல்களில் அதை வைப்பதில்லை. எங்கள் கடையிலும் இல்லை. "இல்லைம்மா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டித் திரியாக்கியிருந்தாள். அது கவுண்ட்டர் மேலேயே கிடந்தது.

அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மாத்திரை அது. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். எத்தனை மணி நேரம் ஆச்சு என்றுகூட நான் கேட்கவில்லை. ஐந்து நாளுக்குள் என்றால் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டும் கர்ப்பத்தைத் தடுக்கலாம் என்று சொல்லவில்லை. எங்கே போய்க் கேட்பது என்றும் சொல்லவில்லை. அந்த நேரம் அவளுக்கு எவ்வளவு பெரிது!

இப்போது யாரையும் அப்படி அனுப்புவதில்லை. "இந்தப் பக்கம் வா கண்ணு" என்று தள்ளி நிறுத்திப் பேசுகிறேன். அரசு மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவுக்கோ தெரிந்த பெண் மருத்துவரிடமோ அனுப்புகிறேன். நிறைய பேர் இந்த அவசர மாத்திரையையும் கருக்கலைப்பு மாத்திரையையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். இது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். தங்கிவிட்ட கருவைக் கலைக்காது. கலைக்கும் மாத்திரையை மருத்துவர் பார்க்காமல் தொடவே கூடாது.

"கல்யாணம் ஆகலைன்னா டாக்டர் திட்டுவாங்களா அக்கா?" என்பார்கள். திட்டுகிறவர்களும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கருக்கலைப்பு உரிமையில் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று பிரிக்கக் கூடாது என 2022ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. கருக்கலைப்பு செய்துகொண்டவரின் பெயரை மருத்துவர் வெளியே சொல்வதும் சட்டப்படி தவறு. இதைக் கேட்டதும் ஒரு பெண் கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆணுறை பேச்சை நான்தான் எடுக்க வேண்டும். அதை வாங்குவது ஆணின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். எந்தக் கருத்தடை மாத்திரையும் பால்வினைத் தொற்றைத் தடுக்காது, ஆணுறைதான் தடுக்கும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

போன வாரம் ஒரு பெண், பக்கத்தில் பிரஷர் மாத்திரைக்கு ஒரு பெரியவர் நிற்கும்போதே, சாதாரணக் குரலில் ஆணுறை கேட்டாள். பழக்கத்தில் என் கை நியூஸ்பேப்பரைத் தேடியது.

"பேப்பர் வேண்டாங்க்கா, பையிலயே போட்டுக்கறேன்" என்றாள்.