இஞ்சி டீயும் குதிகால் அரமும்

அத்தை போனில் சொன்னது ஒரே வரி. "குதிகால் ரெண்டும் காய்ச்சுக் கெடக்கு, ஒரு சுரண்டி வாங்கிட்டு வாங்க." மாமா கையோடு வந்தவை: பத்து காய்ச்சல் மாத்திரை, ஒரு பிரெட் பாக்கெட், சுவரில் பழைய பெயிண்ட் உரிக்கிற நாலு அங்குலத் தகடு. ஹார்டுவேர் கடையில் சுரண்டி என்றால் அதுதான். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை.

குற்றமெல்லாம் தமிழுக்கு. மாமரமும் காய்க்கும், மண்வெட்டி பிடித்த கையும் காய்க்கும். சுவரில் அடிப்பதும் ஆணி, பாதத்தில் முளைப்பதும் ஆணி. அத்தைக்கு இருப்பது ஆணி இல்லை, காய்ப்பு. காய்ப்பு தட்டையாகப் பரந்து மரத்துக் கிடக்கும். ஆணிக்கு நடுவில் கெட்டியாக ஒரு முளை இருக்கும். மிதித்தால் சுருக்கென்று குத்தும்.

காய்ப்புக்குத் தகடும் பிளேடும் ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் காலை ஊறவைத்து, நுரைக்கல்லையும் நனைத்து, மெதுவாகத் தேய்க்க வேண்டும். எரிச்சல் எடுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரே நாளில் பட்டுப் பாதம் வேண்டுமென்று தேய்த்தால் புண்தான் மிஞ்சும். ஈரம் ஒற்றிவிட்டு யூரியா கலந்த கிரீம் தடவி, சாக்ஸ் போட்டுப் படுக்கலாம். மாமா மாதிரி சுகர்க்காரர்கள் சுரண்டவும் கூடாது, ஆணி பிளாஸ்திரி ஒட்டவும் கூடாது. அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும், உணர்ச்சி குறைந்த காலுக்கு அது தெரியாது. இத்தனையும் செய்துவிட்டு அதே தேய்ந்த ஹவாய் செருப்பை மாட்டினால் காய்ப்பு திரும்ப வரும். அத்தை செருப்பை மாற்ற மாட்டாள். இன்னும் ஆறு மாசம் உழைக்குமாம்.

கடைசியில் சிங்கப்பூரில் இருக்கிற சொந்தக்காரப் பெண் அசல் குதிகால் அரம் ஒன்றை அனுப்பினாள். பளபளவென்று எவர்சில்வர், பொடிப்பொடியாகப் பல், கறுப்புக் கைப்பிடி. பார்சலில் ஒரு குறிப்பும் இல்லை.

நேற்று சாயங்காலம் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். இஞ்சி டீ பிரமாதம் என்று சம்பந்தி இரண்டாவது டம்ளர் கேட்டார். "இஞ்சி நாரே இல்லாம வெண்ணெயா விழுது, சிங்கப்பூர்த் துருவி" என்று அத்தை அதை எடுத்துவந்து காட்டினாள். சம்பந்தியம்மாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வீட்டிலும் ஒன்று இருக்கிறதாம், பாத்ரூமில்.

மாமா மட்டும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "இன்னும் காலுல படலயில்ல? அப்ப ஊத்து."

அரம் இப்போது அடுக்களையில்தான் தொங்குகிறது. காய்ப்பு அப்படியே இருக்கிறது.