கணுக்கால் தண்ணீர்

"இறங்காதீர்கள் தம்பிகளா!"

கொள்ளிடக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் போட்ட சத்தத்தில் பையன்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

துறட்டிக் கம்பின் அடியைத் தண்ணீரில் ஊன்றிக் காட்டினார். கணுக்கால் ஆழம். இரண்டு எட்டு தள்ளி மறுபடி ஊன்றினார். கம்பு முழுவதும் உள்ளே போய், கொக்கி மட்டும் வெளியே தெரிந்தது.

"சலசலவென்று ஓடினால் மேடு. சத்தமில்லாமல் கறுத்துக் கிடந்தால் மடு."

மணல் அள்ளிய பள்ளங்கள் அவை. முக்கொம்பு அணையிலிருந்து வெள்ளம் வந்து போனால் விளிம்பில் புதுமணல் படியும். பார்க்கக் கெட்டியாக இருக்கும்; கால் வைத்தால் பொலபொலவென்று சரியும். நீச்சல் தெரிந்தவனும் தடுமாறிப்போவான்.

ஆடிப்பெருக்கு நெருங்குகிறது. பிள்ளைகள் ஆற்றில் இறங்காமல் இருக்க மாட்டார்கள். எங்கள் படித்துறைப் பக்கம் பள்ளங்களைச் சுற்றி மூங்கில் நட்டுக் கயிறு கட்டப்போகிறோம். ஞாயிறு காலை, ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் வந்துவிடுங்கள்.