கலங்களுக்கு ஒரு பந்தல்

களுவாஞ்சிகுடியில் அம்மம்மா முழங்கால் தேய்ந்து படியேற முடியாமல் இருக்கிறார், அதனால்தான் கசியிழையத்தை, அதாவது மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான இழையத்தை, வளர்க்க லேசரால் கூடு எழுதும் இந்த விசயத்தை விடாமல் வாசிக்கிறேன். ஒளிபட்டால் இறுகும் பிசினுக்குள் லேசரைக் குவித்தால், இரண்டு போட்டோன்களை (ஒளித்துகள்களை) ஒரே நேரத்தில் உறிஞ்சும் அந்தக் குவிபுள்ளி மட்டும் இறுகும், சுற்றியுள்ளது திரவமாகவே கிடக்கும். இப்படிப் புள்ளி புள்ளியாக வரைந்துவிட்டு மிச்சத்தைக் கழுவினால், தலைமயிரை விட மெல்லிய கம்பிகளில் ஒரு கூடு!

எங்கள் வளவில் பாகல்கொடிக்குப் பந்தல் போடுவது மாதிரித்தான், மனிதக் கலங்களும் (செல்களும்) பற்றிப் படர ஒரு பிடி வேண்டும். துளைகள் மிகச் சிறிதானால் கலமும் உள்ளே போகாது, ஊட்டமும் போகாது.

இரண்டு போட்டோன்களை ஒன்றாக உறிஞ்சும் இந்த விசயத்தைப் பௌதிகவியலாளர் மரியா கோப்பர்ட் மேயர் 1931இலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். 2001இல் ஜப்பானின் ஒசாகாவில் இதே முறையில் 10 மைக்ரோமீற்றர் நீளக் காளைச் சிலை செய்தார்கள், கிட்டத்தட்ட ஒரு செங்குருதிக் கலத்தளவு. சரி, முழங்கால் கசியிழையம் அளவுக்குப் புள்ளி புள்ளியாக எழுத நிறைய நேரம் எடுக்கும், அதுதான் பெரிய தடை.